கொற்கைக் கரை ஆடுமாடுகளுக்கு யார் பதில் சொல்வது?

2018 ஏப்ரல் 9 அன்று தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு இயக்க அனுமதியைப் புதுப்பிக்க முடியாது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. அதற்கு ஐந்து காரணங்களை எழுதியது. ஆலைக்குள்ளும் சுற்றிலும் உள்ள ஆழ்துளைக் கிணறுகளின் நீர் ஆய்வறிக்கையைத் தரவில்லை. உப்பாற்றங்கரையிலும் பட்டா நிலத்திலும் குவித்த தாமிரக் கசட்டை அகற்றவில்லை, அது ஆற்றில் சரியாமல் தடுப்பும் எழுப்பவில்லை. அபாயகரமான கழிவைக் கையாளும் அங்கீகாரம் 2013 ஜூலையிலேயே காலாவதியாகிவிட்டது. காற்றில் ஆர்சனிக் முதலிய உலோகங்களை அளந்து காட்டவில்லை. ஜிப்சம் குட்டையை விதிப்படி கட்டவில்லை. ஐந்தும் நியாயமான காரணங்கள்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டிலும், உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்றும் ஆலை மூடலை உறுதிசெய்தன.

ஆனால் அந்த ஐந்து காரணங்களில் ஓர் ஆடு இல்லை, ஒரு மாடு இல்லை. கிணற்று நீரைக் கேட்ட வாரியம், அதே நீரைத் தொட்டியில் குடிக்கும் பசுவின் இரத்தத்தைக் கேட்கவில்லை. உப்பாற்றங்கரைக் கசட்டை எண்ணிய வாரியம், அந்தக் கரையில் மேயும் செம்மறியின் ஈரலைக் கேட்கவில்லை. மறதி என்று இதை விட்டுவிட முடியாது. நீரும் காற்றும் மண்ணும் அளக்கத் தக்கவை, விலங்கின் உடல் அப்படியல்ல என்ற பழக்கம் நம் நிர்வாகத்தில் ஊறிக் கிடக்கிறது. அந்தப் பழக்கத்தை இந்தத் தலையங்கம் கண்டிக்கிறது. அதை மாற்ற வேண்டியவர்கள் யார் யார் என்பதையும் பெயர் சொல்லியே கேட்கிறது.

கொற்கையில் நின்று பார்த்தால் விஷயம் முழுதாகத் தெரியும். பாண்டியரின் பழைய துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையும் குளமும் சூழ்ந்த சிற்றூர். மேற்கிலிருந்து தாமிரபரணி வருகிறது. பொதிகையில் புறப்பட்டு, எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி, கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே எஞ்சியதைக் கொண்டு புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. திருநெல்வேலி மாநகரம் ஆற்றில் கலக்கும் சாக்கடையைப் பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வருடக்கணக்காக வழக்கு நடந்து, 2024 நவம்பரில் நீதிபதிகள் இருவர் கரைக்கே வந்து பார்க்க வேண்டியதாயிற்று. வடக்கே தூத்துக்குடியில் தாமிரக் கசடும், 1,050 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் சாம்பலும். ஆற்றுக்குத் தெற்கே சாகுபுரத்தில், பல ஆண்டுகள் பாதரச செல் முறையில் காஸ்டிக் சோடா தயாரித்துப் பிறகு மெம்பரேன் முறைக்கு மாறிய டி.சி.டபிள்யூ. ஆலை. பக்கத்துக் காயல்பட்டினத்து மக்கள் அந்த ஆலையின் கழிவை எதிர்த்து எத்தனையோ மனுக்கள் கொடுத்துவிட்டார்கள். இம்மூன்றுக்கும் நடுவில் கொற்கைக் குளத்தில் மாடு இறங்குகிறது, கொக்கு நிற்கிறது, அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை அமர்கிறது.

ஆலையை மூடியாயிற்றே, இன்னும் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உலை அணைந்தது உண்மை. கசட்டுக்கு அணைவது என்று ஒன்று இல்லை. கரிமக் கழிவு மட்கும், பூச்சிமருந்து காலப்போக்கில் சிதையும். தாமிரமும் ஈயமும் ஆர்சனிக்கும் காட்மியமும் தனிமங்கள், அவை எதுவாகவும் சிதையா. இடம் மாறும், வடிவம் மாறும், மண்ணிலிருந்து புல்லுக்கும் புல்லிலிருந்து ஈரலுக்கும் போகும், அவ்வளவுதான். கசடு அபாயகரமான கழிவுகளின் பட்டியலில் இல்லை என்று ஆலைத் தரப்பு நீதிமன்றத்தில் வாதிட்டது. பட்டியல் மனிதர் எழுதியது, ஆட்டுக்கு அது தெரியாது.

செம்மறியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வாரியத்துக்கு இது தெரிந்திருந்தால் அந்த ஐந்து காரணங்கள் ஆறாகியிருக்கும். கால்நடைகளிலேயே தாமிரத்தைக் கொஞ்சமும் தாங்காத உயிர் செம்மறி. கோழியும் பன்றியும் நன்றாகத் தாங்கும், மாடு தாங்கும், வெள்ளாடு ஓரளவு தாங்கும். செம்மறிக்கு மட்டும் மிஞ்சிய தாமிரத்தைப் பித்தநீர் வழியே வெளியே தள்ளும் திறன் குறைவு. வந்ததையெல்லாம் ஈரல் சேர்த்து வைக்கிறது, வாரக்கணக்காக, மாதக்கணக்காக. வெளியே ஒன்றும் தெரியாது. ஆடு மேயும், அசைபோடும், குட்டியும் போடும். பிறகு ஒரு நாள் நெடுந்தூர நடையோ, மழையில் நனைந்ததோ, தீவனம் குறைந்ததோ, லாரியில் நின்று போன பயணமோ போதும்; ஈரல் அணுக்கள் உடைந்து சேர்த்து வைத்த தாமிரம் முழுவதும் இரத்தத்தில் கொட்டுகிறது. சிவப்பணுக்கள் நொறுங்குகின்றன. கண்ணும் ஈறும் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும், இரண்டொரு நாளில் ஆடு விழும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கருநீல இரும்பு நிறத்தில் இருக்கும். பார்ப்பவர் உண்ணிக் காய்ச்சல் என்பார், காமாலை என்பார், மழைக்கு வந்த நோய் என்பார்.

வேம்பூர் ஆடும் கீழக்கரிசலும் இந்த மண்ணின் செம்மறிகள். வேம்பூர் என்பதே தூத்துக்குடி மாவட்டத்து ஊர்ப் பெயர். தாமிரத்தை உலகத்தில் மிகவும் தாங்காத கால்நடையின் சொந்த மாவட்டத்தில் தாமிர உருக்காலைக்கு இடம் கொடுத்த அரசு, அந்தக் கால்நடைக்கு என்ன ஆகும் என்று அனுமதிக் காகிதத்தில் ஒரு வரி கேட்டதா? 1994இல் அடிக்கல், 1997இல் உற்பத்தி, 2018இல் மூடல். இந்த 20 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் ஆலையைச் சுற்றிய கிராமங்களின் செம்மறி ஈரல்களில் தாமிரம் எவ்வளவு என்று அளந்த அறிக்கை இருக்குமானால் அதை வெளியிடுங்கள். இல்லையானால் ஏன் இல்லை என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் மௌனத்துக்கு இடமில்லை.

அளவுக்குள்தான் இருந்தது என்ற பதில் வரும் என்பது நமக்குத் தெரியும். எந்த அளவு? நம் நாட்டின் பொதுக் கழிவுநீர் விதி, உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவில் ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராம் தாமிரம் வரை அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கால்நடைக் குடிநீருக்கென்று தனி வழிகாட்டி வைத்திருக்கின்றன. அதில் பன்றிக்கும் கோழிக்கும் 5 மில்லிகிராம், மாட்டுக்கு 1, செம்மறிக்கு 0.4. ஆறு நிறைய நீர் ஓடினால் கழிவு நீர்த்துப்போகும் என்பார்கள். வைகாசி மாதத்து உப்பாற்றில் நீர்த்துப்போக என்ன நீர் ஓடுகிறது என்பதை அந்த விதியை மேற்கோள் காட்டும் அதிகாரி ஒருமுறை நடந்து வந்து பார்க்கட்டும்.

இது உலகில் முதல்முறை நடப்பதும் அல்ல. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1902இல் அனகோண்டா நிறுவனத்தின் வாஷோ தாமிர உருக்காலை எரியத் தொடங்கியது. அந்த ஆண்டே டீர் லாட்ஜ் பள்ளத்தாக்கில் குதிரைகளும் மாடுகளும் ஆடுகளும் சாகத் தொடங்கின. புகையோடு வந்து புல்லில் படிந்த ஆர்சனிக்கே காரணம். நிறுவனம் விவசாயிகளுக்கு ஒரு தொகையைக் கொடுத்தது, புகைபோக்கியை இன்னும் உயரமாகக் கட்டியது. நஞ்சு நிற்கவில்லை, சற்றுத் தள்ளி விழுந்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 1909இல் தோற்றார்கள். ஆனாலும் அந்த வழக்கின் சாட்சியங்களில் குதிரையின் மூக்குப் புண்ணும் மாட்டின் குடலும் ஈரலும் பதிவாகிக் கிடக்கின்றன. நூறாண்டு கழித்தும் எடுத்துப் படிக்கலாம். நம் வழக்கில் ஆலையை எதிர்த்த தரப்பு வென்றது. பதிவு மட்டும் எங்கே என்று தெரியவில்லை. தோற்றவர்களிடம் இருக்கும் ஆவணம் வென்றவர்களிடம் இல்லாமல் போவது எந்த ஊர் நியாயம்?

பதிவு ஏன் இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நோய்ப்பட்ட ஆடு நம் ஊரில் சாவதில்லை, விற்கப்படுகிறது. தலை தொங்கிய ஆட்டைக் கிடை நடத்தும் கீதாரி மறுநாள் வரை வைத்துப் பார்ப்பதில்லை. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையோ, மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையோ, அதுவரை தாங்காது என்றால் உள்ளூர்க் கசாப்புக் கடையோ. அவரைக் குறை சொல்ல மாட்டோம். இழப்பீடு கிடைக்கும் வழி இல்லாதபோது கையில் கிடைக்கும் பாதி விலைதான் அவருக்குக் காப்பீடு. ஆனால் அப்படி விற்ற ஆட்டின் ஈரல் யார் வீட்டுச் சட்டியில் வறுபடுகிறது? தாமிரமும் காட்மியமும் தசையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் சேரும். ஈரல் வாங்கிப் போவது பெரும்பாலும் பிள்ளைக்கு இரத்தம் ஊற வேண்டும் என்பதற்காக. கால்நடையின் நஞ்சு கால்நடையோடு நிற்கும் என்று நினைத்து இதைத் தனித் துறை விஷயமாக ஒதுக்கியவர்கள் இந்த ஒரு இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

மருந்து இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, நேரத்தில் கண்டுபிடித்தால். செம்மறியின் தாமிர நஞ்சுக்கு அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் வாய்வழியே வாரக்கணக்கில் கொடுக்கிறார்கள். மாலிப்டினம் தாமிரத்தோடு பிணைந்து உடல் அதை வெளியேற்ற உதவுகிறது. இந்த வேதிப்பொருள்கள் அபூர்வமானவை அல்ல. ஆனால் சிறுநீர் சிவந்த ஆட்டை இவை பெரும்பாலும் காப்பாற்றுவதில்லை. இன்னும் சிவக்காத மற்ற ஆடுகளைத்தான் காப்பாற்றும். எனவே செத்த முதல் ஆட்டின் ஈரலில் இருக்கிறது கிடையின் மற்ற ஆடுகளின் உயிர். அந்த ஈரலைச் சோதிக்காமல் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மருத்துவத்தின் ஒரே வாய்ப்பைப் புதைக்கிறோம்.

மாட்டுக்கு ஈயம் வேறு கதை. ஆலையே வேண்டாம், தூக்கிப்போட்ட ஒரு பழைய பேட்டரி போதும். பசுவும் கன்றும் பேட்டரித் தகட்டின் பொடியை நக்கும். கன்றுகள் இன்னும் ஆவலாக நக்கும். பார்வை போகும், பல்லை நறநறவென்று கடிக்கும், சுற்றிச் சுற்றி வரும், சுவரில் தலையை முட்டும், வலிப்பு வரும். வெறிநோய் என்று பயந்து மருத்துவரே எட்டி நிற்கும் அளவுக்கு அடையாளங்கள் ஒன்றுபோல் இருக்கும். இதற்குக் கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. என்ற மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள், கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின், குடலில் மிஞ்சிய ஈயத்தைப் பிடிக்க மக்னீசியம் சல்ஃபேட். இங்கே ஒரு எச்சரிக்கை: கால்சியம் சேராத வெறும் டைசோடியம் இ.டி.டி.ஏ. வேறு மருந்து, அதைத் தவறி ஏற்றினால் இரத்தத்தின் கால்சியம் சரிந்து மாடு மருந்தாலேயே செத்துப்போகும். யாரோ சொன்னார் என்று பெயரை மட்டும் எழுதிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகக் கூடாது. பிழைத்த பசுவின் பாலைச் சோதிக்காமல் குடிப்பதும் கூடாது, ஈயம் எலும்பில் பதுங்கியிருந்து மாதக்கணக்கில் மெல்ல வெளியே வரும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றது. ஏரல் கடைத்தெரு மூழ்கியது. எத்தனை இன்வெர்ட்டர், எத்தனை டிராக்டர் பேட்டரி, எத்தனை மூட்டைப் பூச்சிமருந்து அந்த நீரில் போய் எந்தக் குளத்தின் வண்டலில் அமர்ந்தது? வெள்ளத்தில் செத்த மாடுகளுக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. வெள்ளம் வடிந்த பிறகு அந்த வண்டலில் முளைத்த புல்லை மேய்ந்த மாடுகளுக்கு என்ன கொடுத்தது? குளங்களின் வண்டலை எடுத்து உலோகம் சோதித்ததா?

பாதரசத்துக்கு வருவோம். உலோகப் பாதரசம் சேற்றில் படிந்தால் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது புழுவுக்கும், புழுவைத் தின்ற மீனுக்கும், மீனைத் தின்ற கொக்குக்கும் போகும்போது படிக்குப் படி செறிவு கூடும். ஜப்பானின் மினமாட்டாவில் மனிதருக்கு முன்னால் பூனைகளுக்குத்தான் முதலில் வலிப்பு வந்தது. நோய் 1956இல் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. சிஸ்ஸோ ஆலையின் சொந்த மருத்துவர் ஹோசோகாவா 1959இல் ஆலைக் கழிவை ஒரு பூனைக்கு உணவில் கலந்து கொடுத்தார், பூனைக்கு அதே நோய் வந்தது. நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. கழிவு 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நரம்பில் ஏறிய மெத்தில் பாதரசத்துக்கு இன்றும் நம்பகமான மாற்று மருந்து கிடையாது. ஆர்சனிக்குக்குக் கொடுக்கும் டைமர்காப்ரால் என்ற ஊசி, இந்த நஞ்சில் பாதரசத்தை மூளைக்குள் தள்ளிவிடவும் கூடும். அதனால்தான் கேட்கிறோம்: சாகுபுரத்தைச் சுற்றிய உப்பளச் சேற்றிலும், ஆற்று முகத்து மீனிலும், அதைத் தின்னும் பறவையிலும் பாதரசம் எவ்வளவு? ஆலை முறை மாற்றிவிட்டது என்பது இனிமேல் சேராது என்பதற்குப் பதில், ஏற்கெனவே சேர்ந்தது எங்கே என்பதற்குப் பதில் அல்ல.

பறவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை சமுதாய இயற்கைவளப் பாதுகாப்பு மையம் 2011 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு தாமிரபரணிப் பாசனக் குளங்களின் நீர்ப்பறவைகளை ஆண்டுதோறும் எண்ணுகிறது. சம்பளமில்லாத மாணவர்களும் ஆசிரியர்களும் விடியற்காலையில் குளக்கரையில் நின்று செய்யும் வேலை அது. அவர்கள் எண்ணிக்கை தருகிறார்கள். அந்த எண்ணிக்கை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று ஒரு இறந்த கொக்கை அறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் மாதச் சம்பளம் வாங்குபவர்கள்.

அறுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாறுக் கழுகே சாட்சி. இந்தியத் துணைக்கண்டத்துக் கழுகுகள் கோடிக்கணக்கில் மறைந்தபோது வைரஸ் என்றார்கள், பட்டினி என்றார்கள். பாகிஸ்தானில் இறந்த கழுகுகளின் சிறுநீரகத்தைச் சோதித்தபோதுதான், மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி ஊசியின் எச்சம் கிடைத்தது. 2004இல் அந்த முடிவு வெளிவந்தது, 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடைசெய்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் தடைப்பட்டன. கழுகுக்கு எந்த ஊசியும் போட்டுப் பிழைக்க வைக்கவில்லை. நஞ்சு எதுவென்று உடல் சொன்னது, அதை நிறுத்தியது அரசாணை. உலோகத்துக்கும் இதுவே வழி. மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் இன்று விழுந்த மாட்டுக்கு. நாளை விழப்போகும் மாட்டுக்கு மருந்து, கசட்டை அள்ளும் பொக்லைனும் சாக்கடையைத் திருப்பும் குழாயும்தான்.

முத்தை மறந்து கொற்கையைப் பற்றி எழுத முடியாது. தூத்துக்குடியின் கடலடி முத்துப் பார்களில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்கு ஆலைகளே காரணம் என்று சொல்ல மாட்டோம். பெரும்பாலான ஆலைகள் அதற்குப் பின் வந்தவை, சிப்பி விளைவு எப்போதுமே ஏறி இறங்கும். ஆனால் சிப்பி ஒரு நாளில் லிட்டர் கணக்கில் கடல்நீரை வடிகட்டுகிறது, நீரில் கரைந்த உலோகத்தைச் சதையில் சேர்த்துக்கொள்கிறது. உலக நாடுகள் 1970களிலிருந்து கடல் மாசைக் கண்காணிக்கச் சிப்பியையே கருவியாக வைத்திருக்கின்றன. 1973இலேயே சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் தூத்துக்குடியில் இருக்கிறது. 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், கருவி இருக்கிறது, சிப்பி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சிப்பிச் சதையின் உலோக அளவை, மீனவர் படிக்கக்கூடிய தமிழில், சந்தைச் சுவரில் ஒட்டுவதற்கு யார் தடை?

மற்ற நஞ்சுகளையும் விட்டுவிடவில்லை. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டபோது ஊரே கொதித்தது, பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்தது, சில நாளில் லாரிகளில் திரும்பிப் போனது. அடுத்த மாநிலத்துக் குப்பை என்றால் நமக்கு வரும் வேகம், நம் மாநகராட்சிக் குப்பை என்றால் வருவதில்லை. குப்பைமேட்டில் மேயும் மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக் பை கிலோக்கணக்கில் கட்டிப்போகிறது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். ஆணியும் கம்பியும் இரைப்பையைத் துளைத்து இதயத்தைக் குத்துகின்றன. மருத்துவர்கள் காந்தத்தை விழுங்கவைத்து அதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். வாழைக்கு வைத்த குருணை மருந்தைத் தின்ற ஆட்டுக்கும் மயிலுக்கும் அட்ரோபின் உடனே கிடைத்தால் வாய்ப்புண்டு, தாமதமாகக் கிடைத்தால் வாய்ப்பு குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது? விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆவது பிரிவு, வேண்டுமென்றே நஞ்சூட்டுவதையும் கொடுமை என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. ஒரு டீயும் வடையும் சாப்பிட்டால் தீர்ந்துபோகிற தொகை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அதற்கு நஞ்சு எது, எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கப் பிணக்கூராய்வும் ஆய்வக அறிக்கையும் வேண்டும். மறுபடியும் அதே ஈரலில் வந்து நிற்கிறோம்.

எனவே கேட்கிறோம். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 2 அன்று ஸ்டெர்லைட்டுக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்து, அதை மாவட்ட ஆட்சியரிடம் வைப்பாகப் போட்டு, வட்டியை ஆலைச் சுற்றுப்புறத்து நீரையும் மண்ணையும் சீராக்கச் செலவிடச் சொன்னது. அந்த வட்டி ஆண்டு வாரியாக எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்ற கணக்கை மாவட்ட நிர்வாகம் ஊராட்சிகளின் கிராம சபையில் வைக்க வேண்டும். அதிலிருந்தே உப்பாறு தொடங்கி புன்னைக்காயல் வரையுள்ள கிராமங்களில் செம்மறி, வெள்ளாடு, மாடு, மீன், சிப்பி, நீர்ப்பறவை ஆகியவற்றின் உலோக அளவைக் கணக்கெடுக்க வேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும்போது சென்னைக்கு மாதிரி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நிலை இருக்கக் கூடாது. உலோகச் சோதனைக்கான ஆய்வகம் அங்கே ஊரார் நேரடியாக மாதிரி கொடுக்கும் வகையில் இயங்க வேண்டும். 1962 என்று அழைத்தால் வரும் கால்நடை ஆம்புலன்ஸில் என்னென்ன மாற்று மருந்துகள் இருக்கின்றன என்ற பட்டியலைக் கால்நடைப் பராமரிப்புத் துறை வெளியிட வேண்டும். கால்சியம் இ.டி.டி.ஏ.யும் மாலிப்டேட்டும் அட்ரோபினும் அதில் இல்லையென்றால் உடனே சேர்க்க வேண்டும். உப்பாற்றங்கரைக் கசடு எந்த சர்வே எண்ணில் எவ்வளவு மிச்சம் என்று வாரியம் இடவாரியாக அறிவித்து, அகற்றும் நாளையும் குறிக்க வேண்டும். மாநகராட்சிச் சாக்கடை தாமிரபரணியில் கலக்கும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அதிகாரியின் பதவிப் பெயர் அந்த இடத்திலேயே பலகையில் எழுதப்பட வேண்டும். நஞ்சால் செத்த ஆட்டுக்கு இழப்பீடு தரும் ஆணை வேண்டும். அது வராதவரை கீதாரி ஆட்டை விற்கத்தான் செய்வார், அவரைத் தடுக்க யாருக்கும் தகுதியில்லை.

ஆடுமாடு வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. கரி மாத்திரையும் முட்டை வெள்ளையும் உலோக நஞ்சுக்குப் போதாது. கரி பூச்சிமருந்துக்கு உதவும், ஈயத்துக்கும் தாமிரத்துக்கும் உதவாது. மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள், அதில் தாமிரம் இருக்கும். பழைய பேட்டரியைக் கொல்லையில் வைக்காமல் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர் அதைத் திரும்பப் பெற்றாக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆடு ஒரே விதமாக விழுந்தால் புதைப்பதற்கு முன் பிணக்கூராய்வை எழுத்தில் கேளுங்கள், ஈரலும் சிறுநீரகமும் ஆய்வுக்குப் போனதற்கு ரசீது வாங்குங்கள்.

பிசான அறுவடை முடிந்தால் கொற்கை வயல்களில் மறுபடியும் கிடை இறங்கும். அதற்குள் கணக்கெடுப்புக்கான ஆணை வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் கடமை தவறியவை என்றே இந்தப் பகுதி மக்கள் எழுதி வைப்பார்கள்.